பழகுநரா, பணியாளரா? செஞ்சியிலிருந்து புறப்படும் நம் பிள்ளைகள்

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர் கால இராணுவ அமைப்புகள் என்ற தலைப்பில் தேர்வான 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. அந்த மாநிலத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இனி உலகம் திரும்பிப் பார்க்கும். இதில் நமக்கெல்லாம் பெருமையே.

செஞ்சிக்கு வருகிறவர்களைப் பற்றி எல்லாரும் பேசும் இவ்வேளையில், செஞ்சியை விட்டுப் போகிறவர்களைப் பற்றியும் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி இது. மழை பொய்த்தால் கூலி வேலையும் பொய்த்துவிடும். பெரிய தொழிற்சாலை கிடையாது. செஞ்சி வழியாகத் திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் ரயில் பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. பாதை இன்னும் முடிந்தபாடில்லை. ஆகவே ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என்று எதை முடித்தாலும், நம் பிள்ளைகள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் கையில் வைத்திருப்பது 'ஐ.டி. சப்போர்ட் டிரெய்னி' அல்லது 'அப்ரன்டிஸ்' என்ற ஒரு கடிதம்.

"என் மகனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது" என்று பெற்றோர் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அங்கே போவது கற்றுக்கொள்ளவா, அல்லது குறைந்த கூலிக்கு உழைக்கவா?

இது என்ன வேலை?

ஐ.டி. என்றாலே குளிரூட்டிய அறையில் அமர்ந்து மென்பொருள் எழுதுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஐ.டி. சப்போர்ட் என்பது வேறு. ஒரு வங்கியில் கணினி திறக்கவில்லை, ஒரு மருத்துவமனையில் பிரிண்டர் ஓடவில்லை, ஓர் அலுவலகத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஒரு பள்ளியில் நெட்வொர்க் கேபிளை எலி கடித்துவிட்டது என்றால் யாரை அழைப்பார்கள்? அவர்தான் ஐ.டி. சப்போர்ட் ஊழியர்.

ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் உண்டு. அதை 'டிக்கெட்' என்கிறார்கள். முதல் நிலையில் இருப்பவர் தொலைபேசியில் கேட்டு எளிய கோளாறுகளைச் சரிசெய்வார். முடியாததை இரண்டாம் நிலைக்கு அனுப்புவார். சர்வர், பெரிய நெட்வொர்க் போன்றவை மூன்றாம் நிலையில் இருப்பவரின் பொறுப்பு. புதிதாக வரும் பழகுநர் முதல் படியில் நிற்கிறார். கேபிளை வெட்டி முனையில் கிளிப் பொருத்துவது, ரேம் மாற்றுவது, விண்டோஸ் ஏற்றுவது, வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பிப்பது, கோப்புகளைக் காப்புப் பிரதி எடுப்பது ஆகியவை அவருடைய பாடங்கள்.

இவற்றைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. மறுமுனையில் இருப்பவர் பதற்றத்தில் இருப்பார். சில நேரம் கோபத்தில் கத்துவார். சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாளில் கணினி நின்றுபோனால் யாருக்குத்தான் பதற்றம் வராது? அவரைப் பொறுமையாகக் கேட்டு, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, அவருக்குப் புரியும் சொற்களில் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்குவத்தை எந்தப் புத்தகமும் தராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழக வேண்டும். 'பழகுநர்' என்ற நம் தமிழ்ச் சொல் எவ்வளவு பொருத்தமானது!

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. முதலில் தொழிற்சாலைப் பணிகளுக்கான சட்டமாக இருந்தது. 1973இல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும், 2014இல் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று கணினித் துறையும் இதன் எல்லைக்குள் வருகிறது. ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்ற ஓராண்டுக் கணினிப் பயிற்சி முடித்தவரும் பழகுநராகச் சேரலாம்.

2019இல் திருத்திய விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் தன் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை என்றும் அந்த விதிகள் நிர்ணயித்தன. இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்திய பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரை செய்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு இடஒதுக்கீடும் சட்டத்திலேயே இருக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை இன்னும் சில:

1. பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அது பதிவு செய்யப்பட வேண்டும். பழகுநர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பமிட வேண்டும்.

2. பயிற்சியைக் கவனிக்கத் தகுதியுள்ள ஒருவரை நிறுவனம் நியமிக்க வேண்டும்.

3. செய்து முடித்த வேலையின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பழகுநருக்குப் பணம் தரக்கூடாது. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டங்களில் சேரும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

4. பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றி அவரிடம் கூடுதல் நேர வேலை வாங்கக் கூடாது.

இவற்றில் மூன்றாவதை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் முடித்தாக வேண்டும் என்று பழகுநரை விரட்டுவது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. வேகத்தைத் துரத்துகிறவர் கற்றுக்கொள்ள மாட்டார். தெரிந்த நான்கு வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். சட்டம் எழுதியவர்கள் இதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர தொழிலாளர் அல்லர் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொழிலுறவுத் தொகுப்பு 'தொழிலாளர்' என்ற வரையறையிலிருந்து பழகுநரை விலக்கியே வைத்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரை வேலைக்கு எடுப்பது என்பதை நிறுவனமே தன் கொள்கையாக வகுத்துக்கொள்ளலாம். நெய்வேலியில் பழகுநர் பயிற்சி முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பலமுறை போராடியதை நாம் அறிவோம். ரயில்வேயில் மட்டும் தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு இடம் ஒதுக்கும் முறை இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், சட்டம் ஒரு பேரம் பேசுகிறது. 'தொழிலாளருக்கு உரிய உரிமைகளை நீ கேட்காதே. பதிலாக உனக்குத் தொழில் கற்றுத் தரப்படும்' என்பதே அந்தப் பேரம். கற்றுத் தரவில்லை என்றால் என்ன ஆகும்? உரிமையும் இல்லை, தொழிலும் இல்லை. நம் பிள்ளையின் ஓராண்டு போனதுதான் மிச்சம்.

நடைமுறையில் நடப்பது

நம் பங்குகளிலிருந்து போன இளையோர் விடுமுறைக்கு வரும்போது பேசுவதைக் கேட்டால், மூன்று விதமான அனுபவங்கள் தெரிகின்றன.

முதலாவது, நல்ல அனுபவம். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். மூன்று மாதம் ஹெல்ப் டெஸ்க், அடுத்த மூன்று மாதம் ஹார்டுவேர், பிறகு நெட்வொர்க் என்று முறையாக மாற்றுகிறார்கள். முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. இப்படிப் பயின்றவர் எங்கு போனாலும் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது, பெயரளவுப் பயிற்சி. ஓராண்டு முழுவதும் அழைப்பை எடுத்து, புகாரைப் பதிவு செய்து, மேலே அனுப்புவதோடு சரி. இரவு ஷிப்ட் மட்டும் தவறாமல் வரும். உதவித்தொகையில் பாதி விடுதி வாடகைக்கும் மீதி சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. மாறாக வீட்டிலிருந்து பணம் வர வேண்டியிருக்கிறது. ஆண்டு முடிந்ததும் அடுத்த அணி பழகுநர்கள் அதே நாற்காலியில் வந்து அமர்கிறார்கள்.

மூன்றாவது, ஏமாற்று. 'பயிற்சியோடு வேலை' என்று சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சேர்க்கப்படும் 'டிரெய்னி' எந்த அரசுப் பதிவிலும் இல்லை. பழகுநர் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. ஊழியருக்குரிய உரிமையைக் கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்த மூன்றிலும் கடிதத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான். உள்ளே இருப்பதுதான் வேறு. ஊரிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்துப் போகும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு சித்தப்பாவோ மாமாவோ அந்தத் துறையில் இருப்பார். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

தொன் போஸ்கோ எழுதிய ஒப்பந்தம்

இந்தக் கேள்விக்குத் திருச்சபை வரலாற்றில் ஓர் அழகான பதில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் தூரின் நகருக்கு, கிராமங்களிலிருந்து சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். பட்டறைகளில் பழகுநர்களாகச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தொழிலைவிட எடுபிடி வேலையும் அடியும்தான் அதிகம் கிடைத்தன. இதைக் கண்ட புனித தொன் போஸ்கோ அவர்களுக்காக இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. முதலாளிகளோடு உட்கார்ந்து எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டார்.

1852ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஒரு தச்சருக்கும் ஓர் இளைஞனுக்கும் இடையே, முத்திரைத் தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் பேசப்படுகிறது. முதலாளி தொழிலைக் கற்றுத்தர வேண்டும்; தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைத் தரக்கூடாது; தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டுமே தவிர கை நீட்டக் கூடாது; ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு; கூலி படிப்படியாக உயர வேண்டும். இளைஞனும் தன் பங்குக்குக் கீழ்ப்படிந்து ஊக்கமாக உழைப்பதாக வாக்களிக்கிறான். முதலாளி, இளைஞன், அவனுடைய தந்தை, தொன் போஸ்கோ ஆகியோர் அதில் கையொப்பமிடுகிறார்கள்.

நம் நாட்டுப் பழகுநர் சட்டம் வருவதற்கு 109 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குருவானவர் இதைச் செய்திருக்கிறார்! தொழில் கற்கப் போகும் பிள்ளையைத் தனியாக அனுப்பவில்லை என்பதுதான் இதில் நாம் காண வேண்டிய பாடம். கையொப்பமிடும் மேசையில் அந்த இளைஞனின் பக்கம் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார்.

பிறப்பால் வராத தொழில்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கிறவர்கள் அதன் மதில்களையும் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் கண்டு வியக்கிறார்கள். அதைக் கட்டிய கல் தச்சரும் கொல்லரும் எப்படித் தொழில் கற்றார்கள்? தந்தையிடமிருந்து மகன் கற்றான். நம் மண்ணில் தொழில் என்பது நெடுங்காலம் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்பதுதான் எதைக் கற்கலாம் என்பதை முடிவு செய்தது. கற்கவே கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டவர்களும் பலர்.

கணினியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு அப்படி ஒரு சாதி இல்லை. வயலில் களை எடுக்கும் தாயின் மகளும் அதைக் கற்கலாம். அவள் சரிசெய்த சர்வரில் யாருடைய முத்திரையும் இல்லை. அதனால்தான் இந்தப் பயிற்சி வாய்ப்பை நாம் பெரிதாக மதிக்கிறோம். அதனால்தான் அது வீணடிக்கப்படும்போது நமக்கு வலிக்கிறது. ஓர் ஏழை வீட்டுக்கு இத்தகைய கதவு ஒரு தலைமுறையில் ஒருமுறைதான் திறக்கிறது.

ஜெர்மனியில் 1997 முதலே கணினி அமைப்புப் பணிக்கென்று மூன்றாண்டுப் பழகுநர் பயிற்சி இருக்கிறது. வாரத்தில் சில நாள் நிறுவனம், சில நாள் தொழிற்பள்ளி, முடிவில் தொழில் வணிக சபை நடத்தும் தேர்வு. அங்கே பழகுநர் என்று சொல்லிக்கொள்வது தாழ்வல்ல. அது மதிப்புக்குரிய நிலை. நம்மிடமோ 'அப்ரன்டிஸ்' என்றால் வேலை கிடைக்காதவன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பெற்றோராகிய நாமும் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏணியின் முதல் படி

இன்று புதிய கவலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றித் தருவது, புகாரைப் பிரித்து அனுப்புவது போன்ற முதல் நிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களே செய்யத் தொடங்கிவிட்டன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அது பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்களைப் பற்றியது என்றாலும், நம் ஊர் வீடுகளிலும் அச்சம் எழுந்தது.

ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டால், இரண்டாம் படிக்கு எப்படி ஏறுவது? ஏற்கெனவே மேலே இருப்பவருக்கு இது பிரச்சினை அல்ல. கீழிருந்து வருகிறவருக்குத்தான் பிரச்சினை. 2025 மே 8இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் சொல்லும்போது, 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை நினைவுகூர்ந்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவு, மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்க நம்மை மறுபடி அழைக்கிறது என்பது அவர் கருத்து. இந்த அழைப்பு உரோமையோடு நின்றுவிடக் கூடாது. செஞ்சிக்கும் வர வேண்டும்.

எந்திரம் செய்ய முடியாதவையும் இருக்கின்றன. இ-சேவை மையத்தில் கைரேகை பதியாமல் கலங்கி நிற்கும் பாட்டிக்கு ஒரு மனிதர் வேண்டும். மருத்துவமனையில் நின்றுபோன கணினியைத் திறந்து பார்க்க ஒரு கை வேண்டும். இவற்றைக் கற்பிக்கிற பயிற்சியே இனி நிலைக்கும். அழைப்பை எடுத்து மேலே அனுப்ப மட்டும் கற்ற பிள்ளையின் வேலைதான் முதலில் போகும். ஆகவே, நல்ல பயிற்சியா, பெயரளவுப் பயிற்சியா என்ற கேள்வி முன்னைவிட இப்போது கூர்மையாகிவிட்டது.

வேலை முழுவதும் சென்னையில்தான் என்பதும் இல்லை. நம் மாவட்டத்திலேயே வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024இல் 63,000 சதுர அடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்துள்ளன. வங்கி, பத்திரப் பதிவு அலுவலகம், மருத்துவமனை எல்லாமே கணினியில்தான் ஓடுகின்றன. நன்றாகக் கற்றவருக்குச் சொந்த ஊரிலும் தேவை இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, பெற்றோர் கடிதத்தை வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. இது பழகுநர் சட்டத்தின்படி பதிவானதா? சொல்லித் தரப்போகிறவர் யார்? எந்தெந்தப் பாடம், எத்தனை மாதம்? உதவித்தொகை எவ்வளவு? முடிவில் யாருடைய சான்றிதழ்? பணம் கேட்டாலோ அசல் சான்றிதழை விட்டுவிட்டுப் போகச் சொன்னாலோ, அந்த இடம் வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள்.

இரண்டாவதாக, பங்குப் பேரவையும் இளையோர் இயக்கமும் மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மத்திய அரசின் பழகுநர் இணையதளத்தில் பெயர் பதிவு செய்யவும், ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் உதவலாம். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் சென்னை தரமணியில் தென் மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம், 2024இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் ஆகியவற்றைப் பற்றியும் பேசலாம்.

மூன்றாவதாக, ஏற்கெனவே இத்துறையில் காலூன்றிய நம் பங்கு இளைஞர்கள், புதிதாகப் போகிறவர்களுக்கு அண்ணனாகவும் அக்காவாகவும் இருக்கலாம். வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இரவு ஷிப்டில் வேலை செய்யும் மகளுக்கு வாகன வசதி உண்டா, விடுதி பாதுகாப்பானதா என்று விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்.

நான்காவதாக, நம் பள்ளிகள், மருத்துவமனைகள், நிறுவனங்கள் ஆகியவற்றை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அங்கே கணினிகளைப் பராமரிக்கும் இளைஞருக்கு நாம் என்ன தருகிறோம்? அவருக்குத் தொழில் கற்றுத் தருகிறோமா, அல்லது 'நம் பையன்தானே' என்று சொல்லி வேலை மட்டும் வாங்குகிறோமா? பிறரிடம் நீதி கேட்கும் நாம் முதலில் நம் வாசலில் அதைக் காட்ட வேண்டாமா?

நாசரேத்தில் இயேசு தச்சுத் தொழில் பழகினார். ஊர் மக்கள் அவரைத் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று கற்றுத்தர சூசையப்பர் இருந்தார் என்பதை நாம் அறிவோம். நம் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். கடிதத்தில் கையொப்பமிடும் முன் அதை அவர்களோடு சேர்ந்து ஒருமுறை படிப்போம், அங்கிருந்து தொடங்குவோம்.